குஞ்சத்தை எண்ணுதல்: மலைத்தோட்டப் படங்களில் ஸ்காட்லாந்துப் படையினர்



போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டியதும் இடுக்கி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. ஏலக்காய்க் காடுகளைக் கடந்து பூப்பாறை வழியாக மூணாறு போய்ச் சேரும்வரை காதில் விழுவது தமிழும் மலையாளமும். ஆனால் அந்த மலையின் பழைய காகிதங்களைப் பிரித்தால் தொலைதூரத்து ஊர் ஒன்றின் பெயர் திரும்பத் திரும்ப வரும்: கிளாஸ்கோ. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஃபின்லே நிறுவனம் அங்கே காலூன்றியது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. மேனேஜராக, சின்னத்துரையாக, தொழிற்சாலை இன்ஜினியராக ஸ்காட்லாந்து இளைஞர்கள் தொடர்ந்து வந்தார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயில் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும். அங்கிருந்து அவை கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கோட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியுலகம் போகும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. இன்று அந்த ரயிலை நாம் பார்ப்பது பெரும்பாலும் புகைப்படங்களில்தான்.

அதே புகைப்படங்களோடு கலந்து இன்னொரு வகைப் படமும் கிடைக்கிறது. முழங்கால் தெரிய, கட்டம்போட்ட பாவாடை போன்ற கில்ட் உடுத்தி, இடுப்பின் முன்னால் குதிரைமுடிப் பை தொங்க, காலில் வெள்ளை உறை மாட்டி நிற்கும் மனிதர். துரைமார் ஊர் திரும்பியபோது பங்களாக்களில் விட்டுப்போன ஆல்பங்களிலிருந்தும், அவர்களிடம் வேலைபார்த்த கணக்கர், சமையற்காரர் குடும்பங்களிலிருந்தும் இவை வெளியே வருகின்றன. 'யாரோ வெள்ளைக்காரன்' என்று எழுதி ஓரமாக வைத்துவிடுகிறோம். அந்த 'யாரோ' என்ற சொல்லை அகற்ற முடியும் என்பதே இன்று என் பேச்சின் பொருள். ஆளின் பெயர் கிடைக்காமல் போகலாம். எந்தப் படை, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பது பெரும்பாலும் கிடைத்துவிடும். அதற்கு வேண்டியது ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி, கொஞ்சம் பொறுமை, நிறத்தை நம்பாத மனம்.

முதலில் அந்த மனிதர் சிப்பாய்தானா என்று கேட்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் எங்கே குடியேறினாலும் நவம்பர் 30ஆம் தேதி புனித ஆண்ட்ரூ திருநாளைக் கொண்டாடுவார்கள். விருந்துக்கும் நடனத்துக்கும் சொந்தக் குலத்தின் கட்டத்தில் கில்ட் உடுத்துவார்கள். அது படைச்சீருடை அன்று. கோட்டில் படைச்சின்னம் இல்லாமல், கழுத்தில் டையோ சரிகைத் துணியோ இருந்தால் அது விருந்து உடை என்று கொள்ளலாம். அடுத்ததாக, படம் கிடைத்த இடம் வேறு, எடுத்த இடம் வேறு. மூணாறு பங்களாவின் கணப்புக்கு மேல் இருந்த படம், அபர்டீனில் எடுத்து அம்மா அனுப்பிய தம்பியின் படமாக இருக்கலாம். ஆகவே அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோவின் பெயர் பின்புறத்திலோ அடியிலோ அச்சிட்டிருக்கும். ஊட்டியில் ஏ. டி. டபிள்யூ. பென், சென்னையில் நிக்கோலஸ், பிறகு வீலே அண்ட் கிளைன் என்று பெயர் இருந்தால் அந்த மனிதர் நம் பக்கத்தில் கேமராவின் முன் நின்றவர். சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெருமளவில் தங்கிய மலைப்பாளையம் குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டன். ஊட்டி ஸ்டூடியோ முத்திரையோடு சீருடைப் படம் கிடைத்தால் வெலிங்டன் பாசறையைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

இனி, நிறத்தை ஏன் நம்பக் கூடாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. மஞ்சளும் இருண்டுதான் விழும். நீலமோ உண்மையைவிட வெளிறி விழும். 1880களில் பச்சையையும் ஓரளவு மஞ்சளையும் உணரும் தகடுகள் வந்தன. சிவப்பை அவையும் உணரவில்லை. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆகவே பழைய படத்தில் கறுப்பாகத் தெரியும் சட்டை கருஞ்சிவப்புச் சட்டையாக இருக்கலாம்.

இதனால் வரும் பெரிய வழுக்கல் ஒன்றைச் சொல்கிறேன். ஹைலாண்ட் எனப்படும் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைகளில் மிகப் பழையதான பிளாக் வாட்ச் படையின் கட்டம் கருநீலம், கறுப்பு, கரும்பச்சை. கோர்டன் ஹைலாண்டர்ஸ் படையின் கட்டமும் அதுவேதான், நடுவே ஒரு மஞ்சள் கோடு மட்டும் கூடுதல். பழைய தகட்டில் அந்த மஞ்சள் கோடு பச்சையோடு சேர்ந்து இருண்டுவிடும். கோர்டன் வீரர் பிளாக் வாட்ச் வீரராக மாறிவிடுவார். கட்டத்தைப் பார்த்தே பெயர் எழுதிய எத்தனையோ படக்குறிப்புகள் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன. போதாக்குறைக்கு ஸ்டூடியோக்காரர்கள் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். அந்த வண்ணம் தீட்டியவர் படைவீரரைப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கையால் தீட்டிய பச்சையும் சிவப்பும் சான்று ஆகா.

எண்ணிக்கை மட்டும் ஏமாற்றாது. குஞ்சத்தை எண்ணுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

அந்த இடுப்புப் பைக்கு ஸ்போரன் என்று பெயர். கில்ட்டில் சட்டைப்பை கிடையாது என்பதால் முன்னால் தொங்கவிட்ட பை அது. படைகளில் அது நீளமான குதிரைமுடியால் ஆன அலங்காரமாகிவிட்டது. சாதாரணச் சிப்பாயின் ஸ்போரன் வெள்ளை முடியாக இருந்து அதன் மேல் ஐந்து சிறு கறுப்புக் குஞ்சங்கள் இருந்தால் பிளாக் வாட்ச். வெள்ளை முடியில் இரண்டு நீளக் கறுப்புக் குஞ்சங்கள் இருந்தால் கோர்டன் அல்லது சீஃபோர்த். கறுப்பு முடியில் இரண்டு வெள்ளைக் குஞ்சங்கள் கேமரன் ஹைலாண்டர்ஸ் படைக்கு. கறுப்பு முடியில் ஆறு வெள்ளைக் குஞ்சங்கள் என்றால் ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலாண்டர்ஸ். கறுப்பும் வெள்ளையும் எந்தத் தகட்டிலும் கறுப்பும் வெள்ளையுமாகவே விழும். மங்கிய படத்திலும் எண்ண முடியும். அதிகாரிகளின் ஸ்போரன் வேறு மாதிரி, தங்கச்சரிகைக் குஞ்சமும் உலோக முகப்புமாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்டனையும் சீஃபோர்த்தையும் எப்படிப் பிரிப்பது? கண்ணைக் கீழே இறக்கிக் காலுறையைப் பாருங்கள். சீஃபோர்த் காலுறை சிவப்பும் வெள்ளையுமான சாய்சதுரக் கட்டம். படத்தில் பளிச்சென்று தெரியும். கோர்டன் காலுறை சிவப்பும் கறுப்பும். சிவப்பும் இருண்டு விழுவதால் கட்டமே தெரியாமல் ஒரே கறுப்பாக இருக்கும். நிறத்தை ஏமாற்றிய அதே தகடு இங்கே நமக்கு உதவுகிறது. சீஃபோர்த் கில்ட்டில் வெள்ளைக் கோடும் உண்டு, அதுவும் தெரியும். பிறகு தலைக்கு வாருங்கள். கிளெங்காரி என்னும் படகு போன்ற மடிப்புத் தொப்பியின் விளிம்பில் சதுரங்கப் பலகை போலக் கட்டம் ஓடும். பிளாக் வாட்ச், கேமரன் இரண்டுக்கும் அந்தக் கட்டம் கிடையாது, வெறும் தொப்பி. ஆர்கைல் தொப்பியில் சிவப்பும் வெள்ளையும் மட்டும். இப்படி ஸ்போரன், காலுறை, தொப்பி மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால் முடிவு உறுதி. ஒன்று ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் அவர் பைப்பர், அதாவது ஊதுகுழல்காரர். பைப்பர்களுக்குத் தனிச் சட்டை, பல படைகளில் தனிக் கட்டம். தோளில் குழல் இல்லாமல் தனியாக நின்று எடுத்துக்கொண்ட பைப்பர் படம்தான் மிகவும் குழப்பும்.

கில்ட் இல்லாமல் கட்டம்போட்ட கால்சட்டை இருந்தால் வேறு வரிசை: ராயல் ஸ்காட்ஸ், ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ், கேமரோனியன்ஸ். ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரி பெயரில் ஹைலாண்ட் இருந்தும் கால்சட்டைதான் போட்டது. காக்கிச் சட்டை வந்த பிறகும் ஒரு நல்ல அடையாளம் மிச்சம் இருந்தது: ஸ்காட்லாந்துப் படைகளின் சட்டை முன்பக்கம் கீழ்முனையில் வளைவாக வெட்டப்பட்டிருக்கும். ஸ்போரன் தெரிவதற்காகத் தொடங்கிய அந்த வெட்டு கால்சட்டைப் படைகளிலும் நிலைத்தது.

இந்தப் பெயர்கள் இந்த வடிவில் நிலைபெற்றது 1881 ஜூலை 1ஆம் தேதிக்குப் பிறகுதான். அன்று பிரிட்டிஷ் அரசு எண்களால் அழைத்த படைகளில் பலவற்றை இரண்டிரண்டாக இணைத்துப் பெயர் சூட்டியது. 42, 73 சேர்ந்து பிளாக் வாட்ச். 72, 78 சேர்ந்து சீஃபோர்த். 75, 92 சேர்ந்து கோர்டன். 71, 74 சேர்ந்து ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரி. 91, 93 சேர்ந்து ஆர்கைல். ஆகவே அதற்கு முந்திய படத்தில் எண்ணைத் தேட வேண்டும். 1871 வரை சிப்பாயின் பித்தளைப் பொத்தானிலேயே படையின் எண் இருந்தது. அந்த ஆண்டு எல்லாருக்கும் ஒரே அரசுச் சின்னப் பொத்தான் வந்துவிட்டது. பொத்தானில் எண் படிக்க முடிந்தால் படையும் கிடைத்தது, அதற்கு முந்திய காலம் என்பதும் கிடைத்தது. இன்னொன்று: 1809இல் ஆறு ஹைலாண்ட் படைகளிடமிருந்து கில்ட் பறிக்கப்பட்டது. 75ஆம் படை அவற்றில் ஒன்று. 1860களின் படத்தில் 75ஆம் எண் வீரர் கில்ட் இல்லாமல் நிற்பது கண்டு திகைக்க வேண்டாம். கோர்டன் ஆன பிறகுதான் அவர்களுக்குக் கில்ட் திரும்பியது.

தகரத்தில் எடுத்த படங்களில் இடவலம் மாறியிருக்கும். கில்ட்டின் திறந்த ஓரமும் அதில் குத்திய ஊசியும் உடுத்தியவரின் வலப்பக்கம் வர வேண்டும். பதக்கம் இட மார்பில் இருக்க வேண்டும். இரண்டும் எதிர்ப்பக்கம் இருந்தால் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் படியுங்கள்.

இப்போது என் மனத்துக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். வெலிங்டனிலிருந்து வந்த பழைய படம் ஒன்று உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொப்பியிலோ கழுத்துப்பட்டையிலோ ஒரு சிறு யானை. அது யாருடைய யானை?

1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் அசாயே என்னும் ஊர். பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி ஒரு சிறு படையோடு மராத்தியத் தலைவர்களான சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் பெரும்படையை எதிர்த்தார். அவரிடம் இருந்த ஸ்காட்லாந்துப் படைகள் 74, 78. ஐரோப்பியக் காலாட்படை அவ்வளவே. இன்னும் ஒரு குதிரைப்படை, கொஞ்சம் பீரங்கிக்காரர்கள். மற்றபடி அந்தக் களத்தில் நின்ற காலாட்படை சென்னை மாகாணச் சிப்பாய்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். 74ஆம் படை பீரங்கிகளின் நேர் முன்னால் போய் மாட்டிக்கொண்டது. அதன் அதிகாரிகளில் ஏறக்குறைய எல்லாரும் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். வெற்றிக்குப் பிறகு 74, 78 இரண்டுக்கும் யானைச் சின்னம் வழங்கப்பட்டது. 74 வழியாக அது ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் தொப்பிச் சின்னத்தில் நட்சத்திரத்துக்கும் கொம்புக்கும் கீழே 'அசாயே' என்ற எழுத்தோடு வந்து அமர்ந்தது. 78 வழியாகச் சீஃபோர்த் கழுத்துப்பட்டைக்குப் போனது. களத்தில் நின்ற சென்னைப் படைப்பிரிவுகளும் அந்த யானையைப் பெற்றன. இன்று வெலிங்டனில் மையம் கொண்டிருக்கும் மதராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்திலும் அதே அசாயே யானைதான்.

ஆக, ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரியில் இருந்த கிளாஸ்கோ சிப்பாயின் தொப்பியிலும் திருச்சிராப்பள்ளிச் சிப்பாயின் தொப்பியிலும் ஒரே நாளில் பிறந்த ஒரே யானை. படத்தில் தலை மட்டும் தெரிந்து உடை தெரியாவிட்டால் யானையைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். நட்சத்திரமும் கொம்பும் இருந்தால் கிளாஸ்கோ. யானையைக் கண்டதும் 'இது நம் ஊர்ப் படை' என்றோ, வெள்ளை முகத்தைக் கண்டதும் 'இது அவர்கள் சின்னம்' என்றோ முடிவு கட்ட முடியாது. சென்னைப் படைப்பிரிவுகளின் அதிகாரிகளும் வெள்ளைக்காரர்களே.

புலிக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. கோர்டன் வீரரின் கழுத்துப்பட்டையில் இருக்கும் புலி, 75ஆம் படை வழியாக வந்தது. 1787இல் இந்தியாவுக்கென்றே திரட்டப்பட்ட அந்தப் படை 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தது. 'இந்தியா' என்ற சொல்லோடு புலிச் சின்னம் 1807இல் அதற்கு வழங்கப்பட்டது. மைசூர்ப் போர்களின் நினைவை ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையிலிருந்து வந்த இளைஞர்கள் கழுத்தில் அணிந்து நின்றார்கள். ஸ்காட்லாந்துப் படைகளை அடையாளம் காண்பது நமக்குத் தொடர்பில்லாத வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்த யானையையும் புலியையும்தான் காட்டுவேன்.

பதக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1880இல் ஜெனரல் ராபர்ட்ஸ் காபூலிலிருந்து கந்தகாருக்குப் படைநடத்திப் போனார். அந்த நடைக்கெனத் தனியாக வெண்கல நட்சத்திரம் ஒன்று வழங்கப்பட்டது. அதில் இருந்த ஸ்காட்லாந்துப் படைகள் 72, 92. மார்பில் அந்த நட்சத்திரமும் இடுப்பில் கில்ட்டும் இருந்தால் தேடும் வட்டம் மிகவும் சுருங்கிவிடும். அதே ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்தார்.

கில்ட்டும் இல்லை, கட்டமும் இல்லை, ஆனால் குதிரையோடு காக்கியில் நிற்கிறார், பின்னால் தேயிலைச் சரிவு தெரிகிறது என்றால் அவர் தோட்டத்துரையாகவே இருக்கலாம். தென்னிந்தியத் தோட்டத்துரைகள் சேர்ந்த தொண்டர் படை சதர்ன் பிராவின்சஸ் மவுண்டட் ரைஃபிள்ஸ். 1917இல் இந்தியப் பாதுகாப்புப் படையிலும் 1920க்குப் பின் துணைப்படையிலும் இத்தகைய தொண்டர் படைகள் சேர்க்கப்பட்டன. இலங்கையில் இதற்கு இணையானது 1900இல் தொடங்கிய சிலோன் பிளாண்டர்ஸ் ரைஃபிள் கோர். முதல் உலகப் போரில் அது எகிப்துக்கும் கல்லிப்போலிக்கும் போனது. கண்டி, நுவரெலியா வழியாக மூணாறுக்கு வந்த துரைகளின் ஆல்பத்தில் அந்தச் சின்னம் இருக்கலாம். கல்கத்தாவில் 1914இல் கல்கத்தா ஸ்காட்டிஷ் என்று ஒரு தொண்டர் படையே தோன்றியது. அவர்கள் கில்ட் உடுத்தினார்கள். கம்பெனிக் கிளைகளுக்கிடையே இடமாற்றம் சகஜம் என்பதால் அதையும் விட்டுவிடக் கூடாது.

இந்தப் படங்களில் பலவற்றில் துரை தனியாக இல்லை. குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். வாசற்படியில் இருவர். சரிவில் கொங்காணி போட்ட பெண்கள். ஆல்பத்தின் குறிப்பில் துரையின் பெயரும் குதிரையின் பெயரும் நாயின் பெயரும் இருக்கும். இவர்கள் பெயர் இருக்காது. அது எனக்கு ஆறாத வருத்தம். ஆனால் குஞ்சத்தை எண்ணப் பழகிய கண்ணுக்கு இவர்களும் எட்டாதவர்கள் அல்லர். வாசற்படியில் நிற்பவர் தோளிலிருந்து குறுக்காக டவாலி போட்டிருக்கிறாரா? டவாலி வில்லையில் அலுவலகத்தின் பெயர் பொறித்திருக்கும். பித்தளை கேமராவுக்கு நன்றாக விழும் உலோகம். உயர்ந்த அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் துரையின் பொத்தானைப் படிப்பது போலவே அந்த வில்லையையும் படிக்கலாம். கம்பெனியா, தபாலா, சர்க்காரா என்பது தெரிந்துவிடும். முண்டாசு கட்டிய முறை, வேட்டி கட்டிய முறை, கம்பளியின் கரை, பெண்களின் காதணி இவையெல்லாம் கங்காணி எந்த ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தார் என்பதைச் சொல்லக்கூடியவை. ஸ்காட்லாந்துக்காரர் தம் ஸ்போரன் குஞ்சங்களைப் படைவாரியாக எழுதி வைத்துக்கொண்டார்கள். நம் பக்கத்து முண்டாசுகளுக்கும் கம்பளிகளுக்கும் அப்படி ஓர் அட்டவணை நம்மிடம் இல்லை. அதைத் தயாரிக்கக் கூடியவர்கள் போடி, தேவாரம், கம்பம் ஊர்களில் எண்பது வயதைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மூணாறு நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துச் சுவர்ப் படங்களின் முன்னால் அவர்களை அழைத்துப் போய் நிறுத்துங்கள். இது யார், இந்தக் கட்டு எந்தப் பக்கத்துக் கட்டு என்று கேளுங்கள். பதிலை அன்றே எழுதிவிடுங்கள்.

மாணவர்களுக்குச் செய்முறையாகச் சில சொற்கள். படத்தை ஸ்கேன் செய்யும்போது முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும், அட்டையின் ஓரங்களையும் சேர்த்துச் செய்யுங்கள். ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள்; அடுத்த பக்கத்துப் படம்தான் பல நேரம் சாட்சி. பின்புறம் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில் மட்டும், மை வேண்டாம். யார் வீட்டிலிருந்து வந்தது, அவர்கள் குடும்பம் எந்த எஸ்டேட்டில் எந்த வேலையில் இருந்தது என்பதை முதலில் குறியுங்கள். பிறகு ஸ்போரன் நிறம், குஞ்சங்களின் எண்ணிக்கை, காலுறைக் கட்டம் தெரிகிறதா இல்லையா, தொப்பி விளிம்பு, கழுத்துச் சின்னம், பொத்தான் என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். படையின் பெயரைக் கடைசி வரியில் எழுதுங்கள். அந்த வரிக்குக் கீழே, கூட நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி விடுங்கள்.